மாதம் 14.90 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒரு மேற்கோள் செயலி: வாங்கலாமா?

முதலில் பதில்: வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஏன் வேண்டாம் என்று கேட்பவர்களுக்குத்தான் மீதி. அது கொஞ்சம் நீளம், ஏனென்றால் போன இரண்டு மாதத்தில் மேற்கோள் (யார், எப்போது, எங்கே எழுதியது என்று ஆய்வேட்டின் கடைசிப் பட்டியலில் ஒவ்வொரு மூலத்துக்கும் போடும் வரி) பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்தச் செயலி தப்பாகச் செய்ததை உட்கார்ந்து திருத்தும்போது கற்றுக்கொண்டதுதான்.

செயலியின் பெயரைப் போடவில்லை. நான் அனுப்பிய மூன்று புகார்களும் இன்னும் கிடப்பில் இருக்கின்றன, பதில் வரும்வரை பொறுத்துப் பார்க்கிறேன். தவிர, கூடப் படிப்பவர்களின் கைப்பேசியில் இருக்கும் வேறு நான்கைந்தையும் தட்டிப் பார்த்துவிட்டேன், எல்லாம் ஒரே மாவில் ஊற்றிய தோசைதான். இணைய முகவரியை ஒட்டினால் மேற்கோள் தயார், முதல் ஏழு நாள் இலவசம், அப்புறம் மாதச் சந்தா. இந்த வர்ணனைக்குப் பொருந்துகிற எதை நீங்கள் வைத்திருந்தாலும் கீழே இருப்பது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் பகலில் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், இரவில் பகுதிநேர முதுகலை. ஆய்வுத் தலைப்பு, சிங்கப்பூர்த் தமிழ் இளையர்கள் சமூக ஊடகத்தில் எப்படித் தமிழ் எழுதுகிறார்கள் என்பது. அதாவது ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ், நடுவில் ஒரு மலாய்ச் சொல், கடைசியில் ஒரு 'லா'. ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், தரவு முழுக்கத் தமிழ். மொத்தம் 61 பதிவுகள் சேர்ந்தன, இன்ஸ்டாகிராம், முகநூல், எக்ஸ், டிக்டாக் என்று கலவையாக. ஒரு சனிக்கிழமை காலை வீட்டுக்குக் கீழே இருக்கிற கோப்பிக்கடையில் கோப்பி ஓ ஒன்றை வைத்துக்கொண்டு 61 முகவரிகளையும் செயலியில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். நாற்பது நிமிடம். பட்டியல் அழகாக, அகர வரிசையில், சாய்வெழுத்து எல்லாம் போட்டு வந்து விழுந்தது. 14.90 வெள்ளி கொடுத்தது சும்மா இல்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு கோப்பி சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து மேற்பார்வையாளர் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பினார். 61-ல் 43-ஐச் சுற்றித் தப்பு என்று வட்டம். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: "இதை அனுப்புமுன் நீங்கள் ஒருமுறை படித்துப் பார்த்தீர்களாம்மா?"

படிக்கவில்லை மேடம்.

படித்திருந்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். ஒன்பது முகநூல் பதிவுகளுக்கு ஆசிரியர் 'முகநூல்', தலைப்பு 'உள்நுழைக அல்லது பதிவு செய்க'. ஒன்பதுக்கும் அதே. நான் என் கணக்கில் நுழைந்து பார்த்த பதிவை, செயலி கணக்கு இல்லாமல் வெளியில் நின்று பார்த்திருக்கிறது, வாசல்கதவில் இருந்ததைப் படித்து எழுதிக்கொடுத்துவிட்டது. கதவில் எழுதியிருப்பதையா மேற்கோள் காட்டுவது? இது சிரிக்கக்கூடிய தப்பு, கண்ணில் படும், திருத்திவிடலாம். என்னைக் கவிழ்த்தவை பார்வைக்குச் சரியாகவே இருந்த மற்றவை.

எங்கள் துறையில் ஏபிஏ முறை, அதாவது அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் விதிகள், ஏழாம் பதிப்பு, 2019 கடைசியில் வந்தது. (எம்எல்ஏ முறை என்றும் ஒன்று உண்டு, என் அம்மா அதைக் கேட்டுவிட்டு "எந்தத் தொகுதிக்கு?" என்றார்.) சமூக ஊடகப் பதிவுக்கு ஏபிஏ கேட்பது அதிகமில்லை. எழுதியவர் பெயர், பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அட் குறியோடு அவரது கணக்குப்பெயர், அப்புறம் ஆண்டு மாதம் நாள் மூன்றும், பதிவின் முதல் 20 சொற்கள் தலைப்பாகச் சாய்வெழுத்தில், அது என்ன வகை என்று இன்னொரு சதுர அடைப்பு, தளத்தின் பெயர், இணைய முகவரி. முகநூலுக்குக் கணக்குப்பெயர் தேவையில்லை, பக்கத்தில் தெரிகிற பெயர் போதும். படம் இருந்தால் படம் என்று சொல்ல வேண்டும், காணொளி என்றால் காணொளி. டுவிட்டர் 2023 ஜூலையில் எக்ஸ் ஆனதால் அதற்கப்புறம் வந்தவற்றுக்குத் தளத்தின் பெயர் எக்ஸ், வகை 'பதிவு'. செயலி 2025-ல் போட்ட பதிவையும் 'டுவீட்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது, பெயர் மாறிய செய்தி இன்னும் அதற்கு எட்டவில்லை போலும்.

சரி, இது ஐந்து நிமிடத்தில் படித்துவிடக்கூடிய விதி. இதில் இயந்திரம் எங்கே தடுக்கி விழுகிறது?

பெயரில்.

நமக்கு ஏது குடும்பப்பெயர்? ஏபிஏ குடும்பப்பெயரை முன்னால் போட்டு மற்றதை முதலெழுத்தாகச் சுருக்கச் சொல்கிறது. செயலிக்குத் தெரிந்தது ஒன்றுதான், கடைசியில் இருக்கிற சொல் குடும்பப்பெயர். எனக்குக் கடைசியில் இருப்பது அப்பா பெயர். நான் ஒரு மாநாட்டுக்கு வாசித்த கட்டுரை பற்றிய என் சொந்தப் பதிவை ஒட்டிப் பார்த்தேன், அப்பா ஆசிரியர் ஆகிவிட்டார், நான் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டேன். அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், அவரிடம் காட்டியபோது சந்தோஷம்தான் பட்டார். இங்கே அடையாள அட்டையில் இருப்பது போலவே 'டி/ஓ' ('இன்னாரின் மகள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) சேர்த்துக் கணக்கு வைத்திருக்கும் ஒருவருக்கு அந்த டி-யையும் ஓ-வையும் தனித்தனி முதலெழுத்தாக்கியிருந்தது. 'தூக்கம் வராதவன்' என்கிற பாணியில் புனைபெயர் வைத்திருந்த ஒருவர் 'வராதவன், தூ.' என்று பட்டியலில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துத்தான் மேடம் சிரித்திருக்க வேண்டும், அந்த வட்டம் மட்டும் கொஞ்சம் கோணல்.

இதற்கு ஏபிஏ சொல்வது எளிது: கணக்குப்பெயர் மட்டும்தான் தெரியும் என்றால் அதையே அப்படியே ஆசிரியர் இடத்தில் போடு, அடைப்பு வேண்டாம், புரட்டிப் போடாதே. ஆனால் எது இயற்பெயர், எது புனைபெயர், எது அப்பா பெயர் என்று பார்த்துச் சொல்ல ஒரு தமிழ் ஆள் வேண்டும்.

அடுத்தது அந்த 20 சொல். ஆங்கிலத்தில் 20 சொல் என்றால் ஒரு வாக்கியம். தமிழில் 20 சொல்லுக்குள் ஒரு பதிவே முடிந்துவிடும், நாம்தான் 'போயிருந்திருக்கவேண்டியதில்லையோ' என்று ஒரு குடும்பச் சண்டையையே ஒரு சொல்லுக்குள் அடக்குகிறவர்கள் ஆயிற்றே. அதுவும் எழுதுபவர் எங்கே இடைவெளி விடுகிறார் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும், 'வந்துவிட்டான்' ஒன்று, 'வந்து விட்டான்' இரண்டு. நான் வைத்துக்கொண்ட வழக்கம், எழுதியவர் விட்ட இடைவெளிப்படியே எண்ணுவது. அவர் எழுதியதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை. ஏபிஏவும் அதைத்தான் சொல்கிறது: எழுத்துப்பிழையோ, பெரிய எழுத்து சின்ன எழுத்தோ, எதையும் மாற்றாதே. உணர்ச்சிக்குறி வந்தால் முடிந்தால் அப்படியே போடு, முடியாவிட்டால் அது என்ன முகம் என்று சதுர அடைப்புக்குள் சொல், அதுவும் ஒரு சொல் கணக்கு. சின்ன எழுத்தில் தட்டிய ஆங்கில எழுத்துத் தமிழை எல்லாம் செயலி ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய எழுத்து வைத்து, புத்தகத் தலைப்பு மாதிரி மினுக்கி வைத்திருந்தது. என் ஆய்வே அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பது பற்றித்தான். அதைப் போய் மினுக்கினால் மிச்சம் என்ன இருக்கிறது? உணர்ச்சிக்குறிகள் எல்லாம் வெறும் கட்டங்களாகியிருந்தன.

செயலியில் சிக்காகோ முறை என்கிற இன்னொரு மேற்கோள் முறையும் இருக்கிறது, ஆர்வக்கோளாறில் அதையும் தட்டினேன். 2017-ல் வந்த பதினேழாம் பதிப்பு சொற்களை எண்ணாமல் எழுத்துக்குறிகளை எண்ணுகிறது, 160 வரை தலைப்பாகப் போடலாம். இங்கேதான் வேடிக்கை. 'சிங்கப்பூர்' நமக்கு ஆறு எழுத்து. கணினிக்குப் பதினொன்று, ஏனென்றால் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனிக் குறிகள். செயலி தன் கணக்குப்படி 160-ல் வெட்டியது, வெட்டு ஒரு எழுத்துக்கும் அதன் துணைக்குறிக்கும் நடுவில் விழுந்தது, 'பூ' வெறும் 'ப' ஆகி நின்றது. ஆங்கிலத்தில் நடுச் சொல்லில் வெட்டினால் பாதிச் சொல்லாவது மிஞ்சும். தமிழில் பாதி எழுத்துதான். சொல் முடிகிற இடத்தில் நீங்களே வெட்டுங்கள், 160 என்பது உச்சவரம்புதானே, நிரப்பியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று, ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றால் பட்டியலில் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் மொழிபெயர்ப்பும் தர வேண்டும் என்பது ஏபிஏ வழக்கம். செய்தேன். ஆனால் ஒலிபெயர்த்த தலைப்பைத் தேடல் பெட்டியில் போட்டால் ஒன்றும் வராது, எழுதியவர் தமிழில்தானே எழுதினார். அதனால் பின்னிணைப்பில் தமிழ் மூலத்தைத் தனி அட்டவணையாக வைத்தேன். மேடம் அதற்கு ஒரு டிக் போட்டார். மொத்த ஆய்வேட்டிலும் அவர் போட்ட மூன்று டிக்கில் அது ஒன்று.

தேதிக்கு வருகிறேன். 43 வட்டத்தில் பதினேழு தேதிக்கு. சில இடத்தில் செயலி நான் பக்கத்தைப் பார்த்த நாளையே பதிவிட்ட நாளாகப் போட்டிருந்தது, அது வெறும் சோம்பேறித்தனம். மற்றவை எனக்கே புதிது. பதிவின் நேரத்தைத் தளம் பார்ப்பவரின் கடிகாரப்படி காட்டுகிறது. செயலியின் கணினி எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுத் தேதி மேற்கோளில் விழுகிறது. டுவிட்டரை ஆரம்பித்த ஜாக் டோர்சி போட்ட முதல் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் தளத்தின் பெயரையே உயிரெழுத்து இல்லாமல் எழுதிய பதிவு. 2006 மார்ச் 21 என்று எல்லோரும் சொல்கிறோம். அவர் ஊரில் அப்போது பகல் 12.50. இங்கே? மறுநாள் விடியற்காலை 4.50, மார்ச் 22. சிங்கப்பூரில் உட்கார்ந்து பார்த்து எழுதினால் உலகத்தின் முதல் டுவீட் ஒரு நாள் தள்ளிப் பிறக்கிறது.

என் தரவில் இது விளையாட்டு இல்லை. 2025 மே 3 பொதுத்தேர்தல் இரவில் முடிவுகள் வந்துகொண்டிருந்தன, இளையர்கள் விடிய விடிய எழுதினார்கள். இங்கே மே 4 அதிகாலை ஒரு மணிக்கு எழுதிய பதிவு லண்டன் கடிகாரத்தில் மே 3 மாலை ஆறு. முடிவு தெரியுமுன் எழுதினாரா தெரிந்தபின் எழுதினாரா என்பதுதான் என் அத்தியாயத்தின் கேள்வியே, அதில் ஒரு நாள் தள்ளினால் வாதமே சாய்ந்துவிடும். லண்டன் வரைக்கும்கூடப் போக வேண்டாம், நமக்கும் சென்னைக்கும் இரண்டரை மணி நேரம்தான், ஆனால் அங்கே இரவு பத்தரைக்குப் போட்டது இங்கே மறுநாள் ஒரு மணி. எக்ஸ் பதிவுகளின் முகவரியில் இருக்கிற நீண்ட எண் 2010 நவம்பரிலிருந்து பதிவான நேரத்தையும் தனக்குள் வைத்திருக்கிறது, உலகப் பொது நேரப்படி. அதைப் பிரித்துச் சொல்லும் இலவசக் கருவிகள் உண்டு, சந்தேகம் வந்த இடத்தில் அதை வைத்துச் சரிபார்த்தேன். அப்புறம் ஆய்வு முறை அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி: தேதிகள் அனைத்தும் சிங்கப்பூர் நேரப்படி. பதினேழு வட்டமும் அந்த ஒரு வரியோடு, ஓர் இரவு வேலையோடு தீர்ந்தது.

யார் சொன்னது என்பதிலும் குளறுபடி. பகிர்ந்தவர் வேறு, எழுதியவர் வேறு. பதிவுக்குக் கீழே வந்த கருத்தை நான் ஒட்டினால் மேலே பதிவிட்டவர் பெயரில் அதைக் கட்டியது. ஒருவர் திட்டியதை இன்னொருவர் தலையில் போடுவது என்றால், ஆய்வை விடுங்கள், ஊரில் நம்மை நிற்க வைத்துக் கேட்பார்கள்.

சமூக ஊடகப் பதிவே வேண்டாத இடங்களும் இருந்தன. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா பற்றி ஒரு தகவலுக்கு நான் முகநூல் பதிவு ஒன்றைக் காட்டியிருந்தேன், அந்தப் பதிவோ ஓர் இணையதளக் கட்டுரைக்கு வழிகாட்டும் பதிவு. மேடம் கேட்டார், "கடைக்கு வழி சொன்னவருக்கா காசு கொடுப்பீங்க?" நியாயம்தான். சமூக ஊடகம் வழியாக ஒன்றைக் கண்டுபிடித்தால் கண்டுபிடித்த அந்த மூலத்தையே மேற்கோள் காட்டு என்பதுதான் ஏபிஏ விதியும். டாட் எஸ்ஜி என்று முடியும் சிங்கப்பூர்த் தளங்களைத் தேசிய நூலக வாரியம் தன் இணைய ஆவணக்காப்பகத்தில் சேர்த்து வருகிறது, 2019-லிருந்து தள உரிமையாளரிடம் தனியாக எழுத்துமூல அனுமதி வாங்காமலே அதற்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. ஆக, ஓர் அமைப்பு முகநூலில் போட்ட அறிவிப்பு அதன் சொந்தத் தளத்திலும் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனம், நாளைக்குத் தளம் போனாலும் தேட ஓர் இடம் இருக்கும்.

போவது என்றதும் ஞாபகம் வருகிறது. பதிவுகள் அவ்வளவு சீக்கிரம் காணாமல் போகின்றன. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஒரு கணக்கில், 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்து ஆண்டில் இல்லாமல் போய்விட்டது, டுவீட்டுகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று சில மாதத்திலேயே பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. என் 61-ல் நான்கு, வட்டங்கள் திரும்பி வருவதற்குள்ளேயே இல்லை. செயலி எனக்குக் கொடுத்தது வெறும் முகவரி, அந்த முகவரியில் இப்போது ஆளில்லாத வீடு. செய்திருக்க வேண்டியது இலவசம்: இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் 'பக்கத்தைச் சேமி' என்று ஒரு பெட்டி இருக்கிறது, முகவரியை ஒட்டினால் அன்றைய நிலையில் ஒரு பிரதி எடுத்து, நாளும் நேரமும் போட்டு, நிலையான ஒரு முகவரி தரும். கணக்குக்குள் நுழைந்தால்தான் தெரியும் என்கிற பக்கங்களுக்கு அது உதவாது, அங்கே திரைப்பிடிப்புதான் கதி. திரைப்பிடிப்பு எடுக்கும்போது கணக்குப்பெயரும் நேரமும் படத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். என்னிடம் வெறும் வாசகத்தை மட்டும் வெட்டி வைத்த படங்கள் பதினொன்று இருக்கின்றன, மிக அழகானவை, ஒன்றுக்கும் உதவாதவை.

இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும், அதைத் தேடிப் போகிற வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது. வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் அப்படித்தான். இப்படி வாசகரால் திரும்ப எடுத்துப் பார்க்க முடியாதவற்றை ஏபிஏ தனிப்பட்ட தகவல்தொடர்பாக வைக்கிறது: கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் பெயரும் நாளும், அவ்வளவுதான், பட்டியலில் இடம் இல்லை. செயலி வாட்ஸ்அப்புக்கும் பட்டியலில் ஒரு வரி உருவாக்கித் தந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணன் தீபாவளிக்கு அனுப்பியது, பதிப்பகம் இருக்கும் இடத்தில் 'வாட்ஸ்அப்'. அண்ணனுக்கு இது தெரிந்தால் கையெழுத்துப் போட்டுப் புத்தகம் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

இவ்வளவையும் திருத்திக்கொண்டு மேடத்தைப் பார்க்கப் போனேன், பெருமையாகத்தான். அவர் பட்டியலைப் புரட்டிவிட்டு ஒரு பதிவைக் காட்டி, "இந்தப் பொண்ணுக்கு நீங்க இவங்களைப் பத்தி எழுதறது தெரியுமா?" என்றார்.

தெரியாது. பத்தொன்பது வயது இருக்கும், பின்தொடர்பவர்கள் இருநூறு பேர், தன் பாட்டியோடு நடந்த சண்டையைப் பாதி தமிழ் பாதி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். என் ஆய்வுக்கு அள்ளித் தந்த பதிவு. கணக்கு பொதுவில்தான் இருக்கிறது, யாரும் படிக்கலாம். ஆனால் அவள் எழுதியது இருநூறு பேருக்கு. நான் பெயர், கணக்குப்பெயர், தேதி, முகவரி எல்லாவற்றையும் பிசகில்லாமல் போட்டு அதை ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஏற்றப்போகிறேன், நாளைக்கு அவளே அழித்தாலும் என் பட்டியலில் இருக்கும். மேற்கோள் எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவு சுலபமாக அவளைக் கண்டுபிடிக்கலாம். பெயரை எடுத்துவிட்டாலும் வாசகத்தை அப்படியே கொடுத்தால் தேடுபொறியில் போட்டு ஆளைப் பிடித்துவிடலாம். இணைய ஆய்வாளர்கள் சங்கம் 2019-ல் புதுப்பித்த நெறிமுறைகளை மேடம் படிக்கச் சொன்னார். பொதுவில் இருக்கிறது என்பதாலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது என்பது படித்த பிறகு மண்டையில் ஏறியது.

அப்புறம் அவர் சொன்னதுதான் மொத்தத்தையும் புரட்டிப் போட்டது. "இதெல்லாம் உங்க ஆதாரமா, தரவா?"

ஒரு அமைச்சர் ஒரு கொள்கையைத் தன் பக்கத்தில் அறிவிக்கிறார், நான் அந்த அறிவிப்பைச் சுட்டுகிறேன், அது ஆதாரம். முழு மேற்கோள், பெயரோடு, முகவரியோடு. ஒரு இளையர் எழுதிய வாக்கியத்தை எடுத்துவைத்து அதன் இலக்கணத்தை நான் ஆராய்கிறேன், அது தரவு. நேர்காணல் செய்தால் பேசியவர் பெயரைத் துணைநூற்பட்டியலில் போடுவோமா? 'பங்கேற்பாளர் 7' என்று எண் கொடுத்துப் பின்னிணைப்பில் வைப்போம். அதே மாதிரி. என் 61-ல் 38 பதிவுகள் தரவு. அவை பட்டியலில் இருந்திருக்கவே கூடாது. முடிந்தவர்களிடம் செய்தி அனுப்பி அனுமதி கேட்டேன், பாதிப் பேர் சரி என்றார்கள், ஒருவர் "அக்கா என் ஸ்பெல்லிங்கை மட்டும் திருத்திடுங்க" என்றார், அதைத்தானே ஆராய்கிறேன் தம்பி. பதில் சொல்லாதவர்களின் வாசகத்தை நேரடியாகத் தராமல் அமைப்பை மட்டும் விளக்கினேன். இப்படியாக நாற்பது நிமிடத்தில் 61 செய்த இடத்தில், ஆறு வாரத்தில் 23 மிஞ்சியது.

செயலியை இதற்காகக் குற்றம் சொல்ல முடியாதுதான். முகவரியை ஒட்டு என்றது, ஒட்டினேன். ஆனால் "எந்த மூலத்தையும் நொடியில், பிழையின்றி" என்று விளம்பரம் செய்பவர்கள் 'எந்த' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துப் போடலாம்.

இப்போது நான் பயன்படுத்துவது ஸோட்டெரோ என்கிற மேற்கோள் மென்பொருள். புதிது ஒன்றுமில்லை, 2006-ல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம், திறமூலம். சேமிப்பிடம் 300 மெகாபைட் வரை காசு இல்லை, என் திரைப்பிடிப்புகளுக்கு இதுவரை போதுமாக இருக்கிறது. சமூக ஊடகப் பதிவை அதில் 'கருத்துக்களப் பதிவு' என்ற வகையில் போட்டுக்கொண்டு விவரங்களை நானே தட்டுகிறேன். எனக்குப் பிடித்தது பெயர்ப் பெட்டி, ஒரு சின்னப் பொத்தானை அழுத்தினால் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற இரண்டு பெட்டியும் ஒன்றாகிவிடும், பெயர் எப்படியோ அப்படியே நிற்கும். 'தூக்கம் வராதவன்' இப்போது முழுசாகத் தூங்காமல் இருக்கிறார். பதிவோடு படத்தையும் வேபேக் முகவரியையும் இணைத்து வைக்கலாம். ஒரு பதிவுக்கு நான்கைந்து நிமிடம் ஆகிறது. தானாக நடக்கும் என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாறுவீர்கள், கையால் செய்வதை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஒரு அலமாரி என்று நினைத்து வந்தால் அருமை.

செயலிக்கு மதிப்பெண் என்றால் ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் புத்தகத்துக்கும் ஆய்விதழ்க் கட்டுரைக்கும், அதற்குரிய எண்ணைப் போட்டால் நன்றாகவே எடுத்துத் தருகிறது. சமூக ஊடகத்துக்குப் பூஜ்யம். தமிழ்ப் பதிவுக்கு அதற்கும் கீழே ஏதாவது இருந்தால் அது.

எடுத்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் ஒன்று கவனியுங்கள். சந்தாவைக் கைப்பேசியிலிருந்து செயலியை நீக்குவதால் ரத்து ஆகாது. இணையதளத்தில் நுழைந்து, கணக்கு, கட்டணம், 'திட்டத்தை மாற்று' என்று உள்ளே போனால், அங்கே சாம்பல் நிறத்தில் சின்னதாக ரத்து என்று இருக்கும், அதை அழுத்தினால் "நிச்சயமாகவா?" என்று மூன்று முறை கேட்கும். நான் முதல் முறையோடு நிறுத்திவிட்டேன் போல. இந்த மாதம் 3-ம் தேதியும் 14.90 வெள்ளி போயிருக்கிறது. ரசீதில் போட்டிருப்பது 2-ம் தேதி, அவர்கள் ஊர் நேரம்.